சஃபாரியில் மதியச் சாப்பாடு: எவர்சில்வர் அடுக்கோடு ஆப்பிரிக்கக் காட்டுக்கு

சஃபாரி போய் வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பது சிங்கத்தைப் பார்த்தீர்களா என்றுதான். மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்க ஆளில்லை. என்னிடம் வருகிறவர்களிடம் நான் அதைத்தான் முதலில் கேட்பேன். காரணம் இருக்கிறது. கென்யாவிலும் தான்சானியாவிலும் பூங்காக்கள் காலை ஆறு மணிக்குத் திறக்கின்றன. அப்போது வண்டியில் ஏறினால் பொழுது சாயும்வரை வண்டிதான். கூரையைத் தூக்கிவிட்டு நின்று பார்க்கலாமே தவிர, நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அனுமதித்த இடங்களில் மட்டுமே தரையில் கால் வைக்கலாம், அதுவும் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குத்தான். இன்ஜின் சத்தம் இல்லாமல் அந்தக் காட்டின் காற்றையும் மண்ணையும் அறிய நமக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம். அதைப் போய் விடுதிக்காரர் கொடுக்கும் அட்டைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, வண்டிக்குள்ளேயே பத்து நிமிடத்தில் விழுங்கி முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். மாப்பிள்ளைக்குத் தோல் பதனிடும் ரசாயன வியாபாரம். ராணிப்பேட்டையில் தொடங்கிய தொழில் அவரை நைரோபிக்குக் கொண்டுபோனது, மகளும் அங்கேதான். அதனால் எங்கள் தெருவில் யார் கென்யாவுக்கு டிக்கெட் எடுத்தாலும், "டீச்சர், சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போகட்டும்?" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவிடுகிறேன்.

முதலில் வெயில் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா என்றதும் வேலூர் கத்திரி வெயிலை இரண்டால் பெருக்கிக்கொண்டு பருத்தித் துணி மட்டும் அடுக்குகிறார்கள். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். நைரோபி 1,700 மீட்டர். தான்சானியாவில் கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடியற்காலை வண்டியில் பற்கள் தந்தியடிக்கும். அதே இடத்தில் நண்பகலில், நிலநடுக்கோட்டுச் சூரியன் உச்சந்தலையைத் துளைக்கும். ஆகவே ஸ்வெட்டரும் வேண்டும், தொப்பியும் வேண்டும். சாப்பிட உட்காரும் இடத்தில் நிழலும் வேண்டும்.

முந்தைய இரவே பேசுங்கள்

சாப்பாடு நன்றாக அமைவது முந்தைய நாள் இரவில், விடுதிச் சாப்பாட்டு அறையில் தீர்மானமாகிறது. அடுத்த நாளுக்கான பெட்டியில் என்ன இருக்கும் என்று சமையற்கட்டில் கேளுங்கள். நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் பொரித்த கோழிக்கால் ஒன்று, அவித்த முட்டை, வெள்ளரிக்காயும் சீஸும் வைத்த சாண்ட்விச், ஒரு கேக் துண்டு, வாழைப்பழம், அட்டைக் குவளையில் பழச்சாறு. பதினொரு மணிக்கே சாண்ட்விச் காய்ந்து விறைத்துவிடும். சைவம் என்று ஒரே சொல்லாகச் சொன்னால் முட்டை உள்ளே வந்துவிடும். ஆகவே கோழி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

சாண்ட்விச்சுக்குப் பதிலாகச் சப்பாத்தி கேளுங்கள். வியப்படைய வேண்டாம், கென்யாவில் சப்பாத்தி அவர்கள் வீட்டுச் சாப்பாடு. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலியாட்களைக் கப்பலேற்றினார்கள். போனவர்களில் தங்கியவர்களும், பின்னால் கடை வைக்க வந்தவர்களும் விட்டுச்சென்ற ருசி அது. ஆனால் நம் சப்பாத்தியைப் போல மெலிதாக இருக்காது. எண்ணெய் தடவிச் சுருட்டித் தேய்ப்பதால் பரோட்டாவுக்குப் பாதி தூரம் வந்துவிடும். அதனால்தான் மதியம்வரை மெத்தென்று இருக்கிறது. கூடவே வேகவைத்த பீன்ஸ் கேளுங்கள். வெங்காயம், தக்காளி அரிந்து எலுமிச்சை பிழிந்த கச்சும்பரி வேண்டும் என்றால் தனி டப்பாவில் தரச் சொல்லுங்கள், சப்பாத்தியோடு சேர்த்து வைத்தால் ஊறிப்போகும். பழத்துக்குக் குறையே இல்லை. அவகாடோ வெண்ணெய் போல இருக்கும். உப்பும் மிளகும் தூவிச் சப்பாத்தியில் தடவினால் குழந்தைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள்.

வண்டி ஓட்டுநரிடமும் அன்றிரவே பேச வேண்டும். நாளை எங்கே நிறுத்துவீர்கள், அங்கே மேசை உண்டா, கழிப்பறை உண்டா, நிழல் உண்டா என்று கேளுங்கள். முழங்கால் வலிக்காரர் யாராவது உங்களோடு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மடக்கு நாற்காலி பல வண்டிகளில் இருக்கும், ஆனால் கேட்டால்தான் வெளியே வரும்.

வேலூரிலிருந்து எதைக் கட்டுவது

புளிக்காய்ச்சல். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மிஞ்சக் கூடாது. வேர்க்கடலையைத் தனியே வறுத்துத் தனிப் பொட்டலமாக வையுங்கள், கூடவே போட்டால் நமத்துப்போகும். பாட்டிலை இறுக மூடி, துணியில் சுற்றி, சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேற்பட்ட எண்ணெய்ச் சரக்கு என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், உங்கள் உழைப்பு குப்பைத் தொட்டிக்குப் போகும்.

விடுதிச் சமையற்கட்டில் வெறும் சோறு மட்டும் கேளுங்கள். ம்வேயா பாசனப் பகுதியில் விளையும் பிஷோரி அரிசி கென்யாக்காரர்களுக்குப் பெருமை. பாசுமதியைப் போல மணக்கும். அதைக் கொஞ்சம் தண்ணீர் குறைத்து, உதிரி உதிரியாக வடிக்கச் சொல்லுங்கள். இரவு மிஞ்சிய சோற்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; விடியற்காலையில் வடித்ததாக இருக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, புளிக்காய்ச்சலைக் கலந்து மூடுங்கள். புளியும் எண்ணெயும் சேர்ந்து சோற்றைக் காப்பாற்றும், மதியத்துக்குள் நன்றாக ஊறியும் இருக்கும். வெறும் சோறு வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடந்தால் வயிற்றுக்குக் கேடு செய்யும் கிருமி வளரும். மறுபடி சூடு பண்ணினாலும் அது விட்ட நஞ்சு போகாது. நடுக்காட்டில் வயிற்றுப்போக்கு என்றால் எவ்வளவு அவதி என்று விளக்க வேண்டியதில்லை.

தயிர்சாதம் வேண்டாம். பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் உறை விட்டால் மதியத்துக்குச் சரியாக இருக்கும் என்று என் அம்மா வழியில் எல்லோரும் சொல்வார்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னை போவதற்கு அது சரி. கூரை திறந்த வண்டியில், செம்மண் புழுதியில், குலுங்கிக் குலுங்கி ஏழு மணி நேரம் போவதற்குச் சரிப்படாது.

பிரியாணியும் வேண்டாம். ஆம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், நானும் அந்தப் பிரியாணிக்கு அடிமைதான். ஆனால் சமைத்த இறைச்சி வெயிலில் காத்திருக்கக் கூடாது. தவிர, அந்த வாசனைக்கு நம் மாவட்டத்தில் மனிதர்கள்தான் கூடுவார்கள். அங்கே கூடுகிறவர்கள் வேறு.

இனிப்பில் எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொருள்விளங்கா உருண்டை ஆகியவற்றுக்கு மிஞ்சியது கிடையாது. கையில் ஒட்டாது, உதிராது, பை அடியில் மூன்று நாள் கிடந்தாலும் முகம் மாறாது. ஆற்காடு மக்கன் பேடாவைப் பாகோடு தூக்கிக்கொண்டு போக நினைக்கிறவர்கள் அதை மகள் வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்ளட்டும். திறந்தவெளியில் பாகு என்றால் ஈயும் குளவியும் நமக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்துவிடும். தட்டை, முறுக்கு எடுக்கலாம், ஆனால் வண்டியில் ஏறுமுன் சிறு துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். யானை பக்கத்தில் நிற்கும்போது கடுக்கென்று கடிப்பவரை ஓட்டுநர் பார்க்கும் பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம், விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பயிர் நோய் பரவும் என்பதால் எல்லையில் பறித்துவிடுவார்கள். நேதாஜி மார்க்கெட்டில் எது கிடைக்குமோ அதில் பாதி நைரோபியில் பார்க்லண்ட்ஸ் பக்கத்து இந்தியக் கடைகளில் கிடைக்கிறது.

பாத்திர விஷயத்தில் நம் வீட்டுப் பரணில் தூங்கும் எவர்சில்வர் அடுக்குக் கேரியருக்கு அங்கே புது மரியாதை கிடைக்கும். கென்யா 2017 ஆகஸ்டு 28 முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது. 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குவளை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் எதுவும் போகக் கூடாது. தான்சானியாவிலும் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. விமான நிலையக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையையும் இறங்கும் இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், துணிப்பை, கேரியர். சிறு விமானத்தில் கென்யாவின் மசாய் மாரா காட்டுக்குப் பறக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கும் மென்மையான பையாக இருக்க வேண்டும். அவர்கள் நான்கடுக்கை விட்டுவிட்டு இரண்டடுக்கு எடுக்கட்டும்.

காப்பிப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உலகமே கொண்டாடும் காப்பி விளைகிற நாட்டில், விடுதிக்காரர் பிளாஸ்கோடு பொடிக் காப்பிப் பொட்டலம் தருவார். நான் பித்தளை ஃபில்டரை எடுத்துப் போகிறேன். நைரோபியில் அரைத்து வாங்கிய பொடியில் இரவே டிகாஷன் இறக்கி, காலையில் சமையற்கட்டில் கொதிக்கும் பாலை வாங்கித் தனிப் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்வேன். சிக்கரி இல்லாத அந்தக் காப்பியில் ஒரு புளிப்பு இருக்கும். பழக இரண்டு நாள் ஆகும், பிறகு ஊர்க் காப்பி கொஞ்சம் மந்தமாகத் தெரியும்.

எங்கே உட்காருவது

கென்யாவின் அம்போசெலி பூங்காவுக்குப் போனால் மதியச் சாப்பாட்டைக் காலைச் சாப்பாடாக மாற்றிவிடுங்கள். 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் நிற்கிறது. பெரும்பாலும் விடிந்து சில மணி நேரத்துக்குள் மேகத்துக்குள் போய்விடும். நண்பகலில் அதைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்று நினைத்தால் வெறும் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். பூங்காவுக்குள் நூமோத்தியோ என்ற சிறு குன்று இருக்கிறது. இறங்கி நடந்து ஏறலாம். கீழே மலைநீர் ஊற்றெடுத்துப் பரவிய சதுப்பில் யானைகள் வயிறளவு தண்ணீரில் நின்று புல் பிடுங்கும். எட்டு மணிக்கு அங்கே காப்பியும் சப்பாத்தியும் என்பதுதான் என் முதல் சிபாரிசு.

கோரோங்கோரோ பள்ளத்துக்குள் நீர்யானைக் குளத்தை ஒட்டி கோய்டோகிடோக் என்ற இடம் இருக்கிறது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கள்ளப்பருந்துகள் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்துகின்றன. முதுகுப்புறமாகப் பாய்ந்து கையிலிருக்கும் கோழித் துண்டைக் கவ்விப் போகும், நகம் பட்டால் விரல் கிழியும். நம் ஊர்ப் பருந்து மீன் கடையில் செய்கிற வேலைதான், இங்கே நீங்கள் மீன். கூரையை மூடிக்கொண்டு வண்டிக்குள் சாப்பிடுங்கள். பாத்திரத்தையெல்லாம் மூடி வைத்தபிறகு காப்பிக் குவளையோடு இறங்கி நீர்யானைகளைப் பாருங்கள். கரை ஓரம் போக வேண்டாம். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கிறவரை அது பொறுத்துக்கொள்ளாது.

கென்யாவில் நகுரு ஏரியை மேலிருந்து பார்க்கும் பபூன் கிளிஃப் பாறையின் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, பபூன் என்பது பெரிய குரங்கு. நைரோபி நகரத்தை ஒட்டிய தேசியப் பூங்காவில் 1989-இல் அன்றைய அதிபர் டேனியல் அரப் மோய் 12 டன் யானைத் தந்தத்தைக் கொளுத்திய இடம் இருக்கிறது. சாம்பல் மேட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வசதி உண்டு. பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் வழக்கமே வேறு. ட்ஷோக்வானே, ஆஃப்சால் போன்ற இடங்களில் எரிவாயு அடுப்போடு பெரிய வட்டத் தட்டு வாடகைக்குக் கிடைக்கும். அங்கேயே தோசை வார்க்கிறேன் என்று கிளம்பும் துணிச்சல் உள்ளவர்கள் மாவுக்கு வழி தேடிக்கொள்ளட்டும்.

மசாய் மாராவில் மரத்தடிதான் பந்தி. அனுமதித்த பகுதிக்குள் இடத்தைத் தேர்வது ஓட்டுநரின் வேலை. நல்ல ஓட்டுநர் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, கிளைகளில் சிறுத்தை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்து, புதரில் ஒற்றைக் காட்டெருமை படுத்திருக்கிறதா என்று நோட்டம் விட்டு, பிறகுதான் கதவைத் திறப்பார். அவர் இறங்கு என்று சொல்லுமுன் இறங்காதீர்கள். உட்காரும்போது வண்டிக்கதவு நாலு எட்டில் இருக்கட்டும், முதுகு புதர்ப்பக்கம் இருக்க வேண்டாம். நம் பக்கத்தில் சில பழைய வளாகங்களில் நிழலுக்கு வைத்திருக்கிறார்களே, நீண்ட காய் கயிற்றில் தொங்குவது போலத் தொங்கும் சிவகுண்டல மரம், அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. நிழல் நன்றாக இருக்கிறது என்று காய்க்கும் காலத்தில் அதனடியில் உட்காராதீர்கள். ஒரு காய் ஐந்து கிலோவுக்கு மேலும் இருக்கும், விழுமுன் சொல்லிவிட்டு விழாது. வேலமரத்தடி என்றால் விரிப்பை உதறிப்போடுமுன் முள்ளைப் பெருக்குங்கள். விரிப்பு கருநீலமாகவோ கறுப்பாகவோ இருக்க வேண்டாம், சில பகுதிகளில் கடிக்கும் செட்சி ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும். மசாய் மக்கள் போர்த்தும் சிவப்புக் கட்டத் துணி சந்தையில் விலைக்குக் கிடைக்கிறது, விரிக்க அதுவே நல்லது.

நண்பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மிருகங்களும் நிழலில் ஒடுங்கிவிடும். ஆகவே நிதானமாகச் சாப்பிடுவதால் எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் வேண்டாம்.

குரங்கும் குப்பையும்

சோளிங்கர் பெரிய மலையில் 1,305 படிகளைத் தேங்காய்ப் பையோடு ஏறியவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெர்வெட் குரங்கு சிறியது, சாம்பல் உடம்பு, கறுத்த முகம். பார்க்கப் பாவமாக இருக்கும், பாதி திறந்த கண்ணாடி வழியாக உள்ளே புகுந்து பையோடு வெளியேற அதற்கு நொடிகள் போதும். பபூன் நாய் அளவு, கோரைப்பல் சிறுத்தையை மிரட்டும். அது பையைப் பிடித்துவிட்டால் இழுபறிக்கு நிற்காமல் விட்டுவிடுங்கள். இறங்கும்போது வண்டிக் கண்ணாடியையும் கூரையையும் மூடிவிட்டு இறங்க வேண்டும், சாப்பிடுகிற பதார்த்தம் மட்டுமே வெளியே இருக்க வேண்டும், மற்ற அடுக்குகள் பூட்டியபடி உள்ளே.

கோயில் குரங்குக்குப் பழம் போட்டுப் புண்ணியம் தேடும் பழக்கத்தை விமானத்தில் ஏற்றாதீர்கள். மனிதன் கையில் தின்னப் பழகிய மிருகம் நாளைக்கு மனிதனைத் தாக்கும். தாக்கினால் அதைச் சுட்டுவிடுவார்கள். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவில் ஆரஞ்சு வகைப் பழங்களையே உள்ளே விடுவதில்லை. அந்த ருசி கண்ட யானை காரையே புரட்டித் தேடும். வாழைப்பழத் தோல்தானே, மக்கிவிடுமே என்று புதரில் வீசுகிறவர்களுக்கும் இதே பதில். புளிசாதத்தில் ஒதுக்கிய மிளகாய், முட்டை ஓடு, எலும்பு எல்லாம் கேரியரின் காலி அடுக்கில் திரும்பி வர வேண்டும்.

கையால் சாப்பிடுகிற நமக்கு, குடிநீர் தவிரக் கை கழுவ ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் தனியாக வேண்டும். சானிடைசரைத் தடவிக்கொண்டு புளிசாதம் பிசைந்தால் இரண்டும் மணக்கும். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன், மாலையில் தலைவலியோடு படுத்துவிடுகிறார்கள். ஓட்டுநரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அவர் இடம் பார்த்து நிறுத்துவார், முதலில் தான் இறங்கிச் சோதிப்பார். அது அவருக்கு அன்றாட வேலை.

அந்த மனிதரைத் தனியே வண்டியோரம் நிற்க வைத்துவிட்டு நாம் மட்டும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்காது. ஒரு முறை மாராவில் எங்கள் ஓட்டுநருக்கு ஒரு தட்டு வைத்தேன். "காரம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா, அத்தை?" என்று மாப்பிள்ளை தயங்கினார். ஓட்டுநர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தப் புளிப்பு எங்கள் மொம்பாசாப் பக்கம் உண்டு, ஆனால் சோற்றில் போட மாட்டோம்" என்றார். அதன்பிறகு அவர் பேச்சு நிற்கவில்லை. எந்தப் பெண்சிங்கம் எந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்தது, நதி இந்த வருடம் எங்கே கரையை அறுத்தது என்று, வண்டியில் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னார்.

புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அமிர்திக்குப் போய் ஒத்திகை பாருங்கள். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான். அதே கேரியர், அதே விரிப்பு, அதே புளிசாதம். யாரால் தரையில் உட்கார்ந்து எழ முடிகிறது, யாருக்கு நாற்காலி வேண்டும், எந்த அடுக்கில் எண்ணெய் கசிகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கசிந்தால் திரும்பும் வழியில் லாங்கு பஜாரில் இறங்கி வேறு கேரியர் வாங்கிக்கொள்ளலாம். மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.